கதவு பூட்டிய நாட்களின் சம்பளம்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தம் பற்றியோ, நாற்பது வயதுக்குப் பிறகு பெண்கள் செய்ய வேண்டிய பரிசோதனைகள் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அதைத்தான் கேட்டார். நான் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் சற்று யோசித்துவிட்டு, "சரி, பேசுங்கோ, ஆனா அரசியல் வேண்டாம்" என்றார். அரசியல் கொஞ்சம் வரும். அக்கா மன்னிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் என்னோடு உயர்தரம் படித்த ஒருத்தி இப்போது அமெரிக்காவில், வொஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறாள். பெயரைச் சொன்னால் கோபிப்பாள். அவள் தினமும் போவது ஓர் அரசாங்கக் கட்டடத்துக்கு. கழுத்தில் தொங்குவது அரசாங்க அடையாள அட்டை. சம்பளம் தருவது மட்டும் ஒரு தனியார் கம்பனி. அந்தக் கம்பனி அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்து அவளை அங்கே அனுப்பியிருக்கிறது. 2018 டிசம்பர் 22 ஆம் திகதி அந்தக் கட்டடத்தின் கதவு பூட்டப்பட்டது. நத்தாருக்கு மூன்று நாள் முன்னால். மறுபடி திறந்தபோது ஜனவரி 25. முழுதாக 35 நாட்கள்.

அங்கே அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் பாராளுமன்றத்தின், அதாவது காங்கிரஸின், ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் காலாவதியான பிறகு ஓர் அதிகாரி செலவு செய்தால் அது சட்டவிரோதம். அது பழைய சட்டம். ஆனால் அந்தச் சட்டப்படி கதவையே பூட்ட வேண்டும் என்று சட்டமா அதிபர் விளக்கம் கொடுத்தது 1980 இல்தான். அதன் பிறகு ஜனாதிபதிக்கும் காங்கிரஸுக்கும் இழுபறி வந்தால் பூட்டுத்தான். அந்த முறை ஏறத்தாழ எட்டு லட்சம் அரசாங்க ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. பாதிப் பேர் வீட்டில். பாதிப் பேர் சம்பளமில்லாமலே வேலையில். பெரிய துன்பம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜனவரி 16 ஆம் திகதி, பூட்டு இருக்கும்போதே, ஒரு சட்டம் கையெழுத்தாகியது: அரசாங்க ஊழியர் எல்லோருக்கும், கதவு திறந்ததும், விட்டுப்போன நாட்களின் சம்பளம் முழுவதும் கொடுக்க வேண்டும்.

என் தோழி அந்தச் சட்டத்தை வரி வரியாகப் படித்திருக்கிறாள். அவளைப் போன்றவர்கள் அதில் இல்லை. அதே கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவர், வாசலில் நிற்கும் காவலாளி, சாப்பாட்டுக் கூடத்தில் கோப்பை கழுவுபவர் ஒருவரும் இல்லை. ஏற்கெனவே பணம் ஒதுக்கிய ஒப்பந்தம் என்றால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கம்பனிக்குக் கடிதம் வரும். பெரிய கம்பனி என்றால் கைக்காசில் கொஞ்ச நாள் தாங்கும், அல்லது லீவு நாட்களைக் கழித்துக்கொள்ளும். சின்னக் கம்பனி என்றால், "வேலை இல்லை, சம்பளம் இல்லை." பக்கத்து மேசையில் இருந்தவர் தை மாதக் கடைசியில் தன் 35 நாட்களையும் வாங்கினார். இவள் வாங்கவில்லை. ஒரே மின்தூக்கியில் ஏறி, ஒரே தளத்தில் இறங்கியவர்கள். இந்த அநீதியைத் தீர்க்க அங்கே காங்கிரஸில் மசோதாக்கள் வந்தன. நிறைவேறவில்லை. 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மறுபடி 43 நாள் பூட்டு. ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு இந்த முறையும் இல்லை.

அவள் இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்டேன்: "உனக்கு இது புதுசா? நாம எங்க வளர்ந்தோம்?"

இரண்டு பேரும் லயத்துப் பிள்ளைகள். அவள் ஹாலிஎலப் பக்கம், நான் பசறைப் பக்கம். வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகள் இந்த மலரை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல்லை விளக்குகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்" என்று சொல்வார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோலில் பேர் விழும். அளவு குறைந்தால் அரைப் பேர். மழையில் மலை மூடினால், லொறி வராவிட்டால், பெக்டரி ஓடாவிட்டால், பேரே இல்லை. மாத முடிவில் அம்மாவிடம் நாங்கள் கேட்பது "எவ்வளவு சம்பளம்?" என்றல்ல, "எத்தனை பேர்?" என்று. பத்தாந் திகதி சம்பளம், பதினோராந் திகதி கடைக்காரரின் கொப்பிக்குக் கணக்கு. அதே தோட்டத்து ஆபீசில் மாதச் சம்பளக்காரருக்கு மலை மூடினாலும் மாதம் மாதம்தான். குற்றம் சொல்லவில்லை, எங்களில் சிலரின் அப்பாமார் அந்த ஆபீசில் இருந்தவர்கள்தான். ஆனால் மூடிய நாளின் பாரம் யார் தலையில் விழும் என்பதை எந்தக் கொப்பியில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. இதை நாங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டோம்.

வொஷிங்டனில் கதவு பூட்டிய அதே வாரங்களில் நம் நாட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2018 ஒக்டோபர் 24: மலையக இளைஞர் கறுப்பு உடுத்திக் காலிமுகத் திடலில் கூடி ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் அந்த மாத நடுப்பகுதியில் காலாவதியாகியிருந்தது. இரண்டே நாளில், 26 ஆம் திகதி இரவு, ஒரு பிரதமரை நீக்கி இன்னொருவரை ஜனாதிபதி நியமித்தார். ஆயிரம் ரூபாயை எல்லோரும் மறந்தார்கள். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. நீதிமன்றம் கலைப்பைத் தடுத்தது. நவம்பர் 5 ஆம் திகதி வர வேண்டிய 2019 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வரவேயில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அமைச்சரவையே இயங்க முடியாதென நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதே நேரம், டிசம்பர் 4 ஆம் திகதி, நம் மக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். யாரிடம் கேட்பது? தொழில் அமைச்சர் என்று அப்போது ஒருவர் இருந்தாரா என்பதே வழக்காக இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் பேர் விழவில்லை. கடைக்கொப்பி மட்டும் நீண்டது.

டிசம்பர் 31 ஆம் திகதியோடு அரசாங்கத்தின் செலவழிக்கும் அதிகாரம் முடிய இருந்தது. மருத்துவர் சங்கக் கூட்டமொன்றில், ஜனவரிச் சம்பளம் வருமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் டிசம்பர் 16 ஆம் திகதி பழைய பிரதமர் மீண்டும் பதவியேற்று, 21 ஆம் திகதி பாராளுமன்றம் முதல் நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றியது. மறுநாள்தான் அமெரிக்காவில் பூட்டு விழுந்தது. நாம் பத்து நாள் இடைவெளியில் தப்பினோம். தோட்டத்துக்கு ஜனவரி 28 ஆம் திகதி கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 இலிருந்து 700 ஆனது. கேட்டது ஆயிரம்.

நம் சட்டத்தில் அமெரிக்காவைப் போல எடுத்தவுடன் பூட்டு விழாதபடி சில வாசல்கள் உண்டு. 2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றம் கலைந்தபோது இடைக்காலக் கணக்கு ஏப்ரல் 30 ஆம் திகதி வரைதான் இருந்தது. அரசியலமைப்பின் 150(3) ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதியே திரட்டு நிதியத்திலிருந்து பணம் விடுவித்தார். சரியா பிழையா என்று சட்டத்தரணிகள் வாதாடட்டும். எங்களுக்குச் சம்பளம் வந்தது. 2022 ஜூன் 20 முதல் எரிபொருள் இல்லாமல் அரச அலுவலகங்கள் இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று மூடின. அப்போதும் நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் வந்தது. ஆக, நம் நாட்டில் பூட்டு கதவில் விழுவதில்லை. கதவு திறந்தே இருக்கும். கட்ட வேண்டிய பில்தான் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் யார் மாட்டுப்படுகிறார்கள் என்பதை நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இது ஓர் ஆஸ்பத்திரியின் கதை மட்டுமல்ல.

வார்டு கூட்டித் துடைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் அரசாங்கச் சிற்றூழியர் அல்ல. கேள்விப்பத்திரம் கோரி ஒரு கம்பனிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு முறைக்கு இத்தனை பேர் என்று ஒப்பந்தம். ஆள் குறைந்தால் பில்லில் வெட்டு. கம்பனி அதை ஆளின் கூலியில் வெட்டும். மாத முடிவில் கம்பனி பில் கொடுக்கும், ஆஸ்பத்திரி உறுதிப்படுத்தும், திறைசேரி காசு விட்டால் பில் கட்டப்படும். திறைசேரி இழுத்தால் பில் நிற்கும். அதுதான் வழி. வேலை செய்பவர்கள் பாதிக்கு மேல் நம் தோட்டத்துப் பெண்கள். மலையில் நாட்கள் குறைந்ததும் நகரத்துக்கு இறங்கியவர்கள். 2021 இல் ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்த பிறகு பல தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்துவிட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு நாள் காலை வார்டு ரவுண்டில், மொப் கட்டையைப் பிடித்தபடியே ஒரு பெண் சரிந்து விழுந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டிலில் ஏற்றி இரத்த அழுத்தம் பார்த்தால், பார்த்த தாதி மறுபடியும் பார்த்தார். மாத்திரை எடுக்கிறீங்களா என்றேன். கிளினிக் கொப்பி இருந்தது. இரண்டு மாதமாக முத்திரை இல்லை. "கிளினிக் நாள்ல வந்தா அன்னிக்கு சம்பளம் போயிடுமேங்க டொக்டரம்மா" என்றார். அவர் வேலை செய்யும் வார்டுக்கும் கிளினிக்குக்கும் இடையில் ஒரு நீண்ட விறாந்தைதான். காலையில் என்ன சாப்பிட்டீங்க? பிளேன்டீ. பஸ்ஸா? இல்லை, நடந்து. கடைசியாக எப்போது சம்பளம்? அப்போதுதான் சொன்னார்: "ரெண்டு மாசம் ஆச்சுங்க. கம்பனியில கேட்டா ஆஸ்பத்திரி காசு குடுக்கலங்கிறாங்க. ஆஸ்பத்திரியில கேட்டா கொழும்புல இருந்து வரலங்கிறாங்க. கொழும்புல யாரக் கேக்கிறதுனு தெரியலங்க."

இந்த நாட்டின் அரச நிதி முறையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை. அவர் காது வெறுமையாக இருந்தது. தோட்டத்துப் பெண்ணின் காதில் தோடு இல்லை என்றால் வைத்தியர் அதையும் ஓர் அறிகுறியாக எடுக்க வேண்டும். எந்தப் பாடநூலிலும் இல்லை. பதுளையில் வேலை செய்தால் தெரியும். அடகுக்குப் போனது தோடு. அடுத்துப் போவது பிள்ளையின் டியூஷன். அதற்கடுத்து மாத்திரை. வைத்தியம் இலவசம்தான், ஆனால் 2022 போல மருந்து இல்லாமல் வெளியில் வாங்கும் காலத்தில் அந்த இலவசமும் பாதிதான்.

இதில் என் தொழில் சார்ந்த சுயநலமும் உண்டு. சத்திரசிகிச்சைக் கூடத்தின் தரையை, பிரசவ வார்டின் கட்டில் கம்பியை, கழிவறைக் கைப்பிடியைத் துடைப்பவர் அவர். தொற்றைத் தடுப்பது பற்றி நாங்கள் எழுதும் ஒழுங்குவிதிகள் எல்லாம் கடைசியில் அவர் கைக்குத்தான் போகின்றன. இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நான்கு பேர் வராமல் நின்றால், மிச்சமுள்ள இரண்டு பேர் ஆறு பேரின் தரையைத் துடைப்பார்கள். நோயாளிக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் 1941 இலேயே வந்தது. மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பத்தாந் திகதியை நினைத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளி எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம் கட்ட வேண்டும். "எனக்கு வர வேண்டியது வரவில்லை" என்று கம்பனி சொல்வது அந்தப் பத்து நாளுக்கு விலக்கு அல்ல. ஆனால் முறைப்பாடு கொடுத்தால் அடுத்த கேள்விப்பத்திரத்தில் கம்பனி மாறும், ஆள் மாறுவார், பழைய நிலுவை காற்றில் போகும் என்று அந்தப் பெண்களுக்குப் பயம். அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒப்பந்தகாரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய மூல நிறுவனமே கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தகாரரிடம் அறவிட வேண்டும். எல்லா இடத்திலும் நடந்ததா என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பெண் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அதில் ஒரு விடை இருந்தது: எந்தத் தரையைத் துடைத்தீர்களோ, அந்தத் தரையின் சொந்தக்காரரை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் ஊவாவிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கோப்பிச் செடியின் இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இங்கே, மடுல்சீமையில், 1869 இல். பதினைந்து வருடத்துக்குள் கோப்பி விழுந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. துரைமாரிடம் காசில்லை. கங்காணிக்கு வராதது கூலியாளுக்கும் வரவில்லை. மாதக்கணக்கில் சம்பளமின்றி நின்றவர்கள் நம் பாட்டன்மாரின் பாட்டன்மார். வெள்ளைக்காரன் தர்மவான் என்று நான் சொல்லமாட்டேன். கூலி கிடைக்காதென்று தெரிந்தால் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வராது என்ற பயமே அவனை அசைத்தது. எப்படியோ, அந்த 1880களில் ஒரு வாசகம் சட்டத்தில் ஏறியது: தொழிலாளரின் சம்பளம் தோட்டத்தின் மீதான முதல் பொறுப்பு. தோட்டம் ஏலம் போனாலும், வங்கியின் கடனுக்கு முன்னால் கூலிக்காரரின் பாக்கி நிற்கும்.

கோப்பித் தோட்டத்துக் கூலியாளுக்கு வரிசையில் முதல் இடம் கொடுக்க அன்றைக்கு ஒரு சட்டம் இருந்தது. அவருடைய பேத்தியின் பேத்தி ஆஸ்பத்திரி வார்டில் துடைப்பத்தோடு நிற்கிறார். திறைசேரி, அமைச்சு, ஆஸ்பத்திரி, கம்பனி என்று நீளும் வரிசையில் அவர் எத்தனையாவது? இதைத்தான் நான் தொழிற்சங்கக்காரரிடமும், பாராளுமன்றத்துக்குப் போன நம்மவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரசாங்கம் கொடுக்கும் எந்தத் துப்புரவு, காவல் ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு போதும்: பில் தாமதமானாலும், இடம் மூடப்பட்டாலும் தொழிலாளியின் கூலி முதலில். கம்பனியின் இலாபம் பிறகு.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் நம் மாவட்டத்தை என்ன செய்தது என்பதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். பாதை அறுந்து, ரயில் பாதை அறுந்து, மலை சரிந்து கிடந்த நாட்களில் என் சம்பளம் வங்கிக்கு வந்தது. மலைக்குப் போக முடியாதவருக்குப் பேர் விழவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இந்தப் பாடசாலையின் முற்றத்தைக் காலை ஆறு மணிக்குக் கூட்டும் அக்காமாரையும், இரவுக் காவலுக்கு இருக்கும் ஐயாவையும் உங்களுக்குத் தெரியும். அரச ஆளணியில் இருப்பவர்கள் போக, மற்றவர்களுக்குக் கூலி போவது பெற்றோர் தரும் பணத்திலிருந்து. 2020 மார்ச் 13 ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடியபோது ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது, வரவும் வேண்டும். பெற்றோர் பணம் நின்றதால் இவர்களுக்கு நின்றது. அதில் ஒருவர் பக்கத்து வீடுகளில் உடுப்புத் தோய்க்கப் போனார். அதிபரையோ ஆசிரியர்களையோ நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் அதற்கென்று ஒரு சதமும் இருக்கவில்லை.

நூற்றாண்டு நிதிக்கு லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன், கொழும்புக் கிளைகள் தந்த தொகையைச் செயலாளர் சற்றுமுன் வாசித்தார். புதிய கேட்போர்கூடத்துக்குத் திரைச்சீலை, ஒலிபெருக்கி எல்லாம் வரட்டும். அதோடு ஒரு தனிக் கணக்கும் வேண்டும் என்று கேட்கிறேன். அரசாங்க உத்தரவாலோ, நோயாலோ, புயலாலோ, காசுத் தட்டுப்பாட்டாலோ பாடசாலை மூடப்படும் நாட்களில், ஒப்பந்தத்திலும் நாட்கூலியிலும் இங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்களின் கூலி இந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும். பத்தாந் திகதிக்குள். மூன்று மாதக் கூலியை எப்போதும் கையிருப்பில் வைத்தால் போதும். கணக்குப் பார்த்தேன், இந்த மலரின் வர்ணப் பக்கங்களில் சிலவற்றைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருந்தால் பாதி சேர்ந்திருக்கும். என் உரைக்கு எனது வர்ணப் படம் தேவையில்லை என்று மலர்க்குழுவிடம் சொல்லிவிட்டேன்.

மேரிலாந்துத் தோழி முதல் மாதத்தின் தொகையை அனுப்பிவிட்டாள். பிரேரணையை எழுதிச் செயலாளர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். பிற்பகல் மகாசபைக் கூட்டத்தில் மூன்றாவது விடயமாக வருகிறது. முன்மொழிவது நான், வழிமொழிய ஒருவர் வேண்டும். இடைவேளையில் தேநீர் மேசைப் பக்கம் நிற்பேன், வந்து பெயரைத் தாருங்கள்.